ஒருதடவை வந்த வைரஸ் காய்ச்சல் மறுபடி வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, கார்டில் கோடு பார்ப்பது, ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பது எல்லாம் என் வேலை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் காலை ஆறரைக்கே வாசலில் ஆள் நிற்கும். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு படி இறங்கியவர்கள் திரும்பி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஒருதடவை வந்துடுச்சே, இனிமே வராதுல்ல?"

அந்தக் கேள்வி எத்தனையோ விதமாக வருகிறது. கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என்ன மருந்து, எத்தனை வேளை என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது; அதற்குள் நான் போகவில்லை.

காய்ச்சல் வந்துட்டுப் போனா உடம்புல எதிர்ப்பு சக்தி வந்துடும்னு சொல்றாங்களே, அது என்ன சக்தி?

வைரஸ் உள்ளே நுழைந்ததும் அதைப் பிடிப்பதற்கென்றே உடம்பு சில புரதங்களைச் செய்கிறது. ரிப்போர்ட்டில் ஆன்டிபாடி என்று நாங்கள் போடுவது அதைத்தான். ஒரு வைரஸுக்காகச் செய்தது பெரும்பாலும் இன்னொன்றுக்கு உதவாது. ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி என்கிற ஆன்டிபாடி சுமார் மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் ஐம்பது வருடம் கழித்துப் பார்த்தாலும் சில நோய்களுக்கு அது இருக்கிறது. காரணம், எலும்பு மஜ்ஜைக்குள் போய்க் குடியேறிய சில செல்கள் அதைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கின்றன.

இது தவிர இன்னும் இரண்டு வகை செல்கள் உண்டு. நினைவு பி செல்கள், பழைய வைரஸை மறுபடி கண்டால் உடனே ஆன்டிபாடி செய்யக் கிளம்பும். டி செல்களில் ஒரு பகுதி, வைரஸ் புகுந்துவிட்ட செல்லையே தேடி அழிக்கும். இந்த மூன்றில் எங்கள் பரிசோதனையில் தெரிவது ஆன்டிபாடி மட்டும்தான். மற்ற இரண்டும் ரிப்போர்ட்டில் வராது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொரோனா பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்கக்கா, எத்தனை வருஷம் தாங்கும்?

எந்த வைரஸ் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். தட்டம்மைக்கு ஆயுள் முழுக்க. சாதாரண சளிக்குச் சில மாதம்.

தட்டம்மை விஷயம் எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளில் 1781-ல் தட்டம்மை வந்து போனது. அதற்குப் பிறகு 65 வருடம் அந்த நோய் தீவுப் பக்கமே வரவில்லை. 1846-ல் மறுபடி வந்தபோது சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்தார்கள். அங்கே போன பீட்டர் பனும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாக விசாரித்தார். 1781-ல் சிறுபிள்ளையாக நோய் கண்டு, அப்போது முதியவர்களாக இருந்த ஒருவருக்குக்கூட இரண்டாவது முறை வரவில்லை. இடையில் வைரஸே ஊரில் இல்லாதபோதும் உடம்பு 65 வருடம் மறக்கவில்லை.

சளிக்கு மட்டும் ஏன் அந்த நினைவு உதவுவதில்லை? முதல் காரணம், வைரஸ் உரு மாற்றிக்கொள்வது. தட்டம்மை வைரஸின் முக்கியப் பகுதிகள் அவ்வளவாக மாறுவதில்லை, ஃப்ளூ வருடா வருடம் மாறுகிறது. இரண்டாவது காரணம் நேரம். தட்டம்மை உள்ளே நுழைந்து ரத்தத்தில் பரவி உடம்பெல்லாம் தடிப்பு தெரியப் பத்துப் பதினாலு நாள் ஆகும். நினைவு செல்கள் சுதாரித்துக்கொள்ள அது தாராளம். சளியும் ஃப்ளூவும் மூக்கு, தொண்டையிலேயே இரண்டொரு நாளில் வேலையை முடித்துவிடும். நினைவு இருந்தாலும் அது வந்து சேர்வதற்குள் நமக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும்.

அம்மை ஒருதடவை போட்டா மறுபடி போடாதுன்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா?

அம்மை என்று நாம் ஒரே பேரில் சொல்வதற்குள் வேறு வேறு வைரஸ்கள் இருக்கின்றன. ஒன்று வந்துவிட்டால் மற்றது வராது என்றில்லை. தட்டம்மை, மணல்வாரி என்பது ஒன்று. கொப்புளம் கொப்புளமாக வருகிற சின்னம்மை வேறு. தாடை வீங்குகிற பொன்னுக்கு வீங்கி வேறு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால், ஒருமுறை வந்தவர்களுக்கு அதே அம்மை இரண்டாம் முறை வருவது அபூர்வம். அந்த அளவில் உங்கள் மாமியார் சொன்னது சரி.

பெரியம்மையை நாம் பார்த்ததில்லை. இந்தியாவில் கடைசியாக 1975-ல் வந்தது, உலகத்திலேயே ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்தார்கள். அதற்கான அம்மைப்பால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாரானது. அந்தத் தழும்போடு இன்றைக்கும் பெரியவர்கள் ரத்தம் கொடுக்கக் கை நீட்டும்போது பார்க்கிறேன். அந்தத் தடுப்பூசியின் ஆன்டிபாடி 75 வருடம் வரை ரத்தத்தில் இருப்பதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த உங்களுக்கும் எனக்கும் இடது தோளில் இருப்பது பிசிஜி தழும்பு. அது காசநோய்க்குப் போட்டது, அம்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சின்ன வயசுல சின்னம்மை வந்துச்சு. இப்ப இடுப்பைச் சுத்தி அக்கின்னு சொல்றாங்க. அப்ப அந்த சக்தி எங்க போச்சு?

அக்கி வெளியிலிருந்து வந்தது அல்ல. சின்னம்மை வைரஸ் அன்றைக்கு உடம்பை விட்டுப் போகவே இல்லை. முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிவிட்டது. அதை அடக்கி வைத்திருந்தது பெரும்பாலும் டி செல்கள். வயதாகும்போது, அல்லது வேறு நோயால் உடம்பு தளரும்போது அந்தப் பிடி நழுவுகிறது. வைரஸ் ஒரு நரம்பு வழியே இறங்கி, அந்த நரம்பு போகிற இடத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் போடுகிறது. ரத்தத்தில் சின்னம்மை ஆன்டிபாடி நன்றாக இருக்கும்போதே இது வரும்.

காவி மண்ணால் அக்கி எழுதும் வழக்கம் நம் பக்கம் உண்டு. எழுதினால் எரிச்சல் அடங்குகிறது என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வேன்: எழுதப் போகிற அன்றைக்கே டாக்டரையும் பாருங்கள். வைரஸ் மருந்தைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நெற்றியிலோ கண் பக்கமோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, பார்வைக்கே ஆபத்து. ஐம்பது வயதுக்கு மேல் போட்டுக்கொள்ள அக்கிக்குத் தடுப்பூசி இப்போது இந்தியாவிலேயே கிடைக்கிறது. அப்புறம், சின்னம்மை இதுவரை வராத குழந்தை அந்தக் கொப்புளத்தைத் தொட்டால் அதற்குச் சின்னம்மையாக வரும்.

சளி காய்ச்சல் மட்டும் ஏன் மழை வந்தா தவறாம வருது?

சளிக்கு ஒரு வைரஸ் இல்லை. அதில் முக்கியமான ரைனோவைரஸில் மட்டுமே 160 வகைக்கு மேல். ஒவ்வொன்றாக வந்து போனாலும் ஆயுள் பத்தாது. நேரக் கணக்கை மேலே சொல்லிவிட்டேன்.

ஃப்ளூவில் அதிசயம் ஒன்று உண்டு. 1918 பெருந்தொற்றில் குழந்தையாக இருந்து பிழைத்த 32 பேரை, 90 வயதுக்கு மேல் ஆனபின் சோதித்தார்கள். அந்த 1918 வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி அவர்கள் உடம்பில் இன்னும் இருந்தது. நினைவு போகவில்லை. ஆனால் இப்போது சுற்றும் வைரஸ் அது இல்லையே! அதனால்தான் ஃப்ளூ ஊசியை வருடா வருடம் மாற்றிச் செய்கிறார்கள். டெல்லி, புனே பக்கம் ஃப்ளூ உச்சம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். ஊசியின் பலம் மாதங்கள் போகப் போகக் குறைவதால், முதியவர்களுக்குப் போடுவதானால் நம் ஊரில் எந்த மாதம் என்று டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள்.

மெட்ராஸ் ஐ போன வருஷம்தான் வந்துச்சு, இந்த வருஷம் தப்பிச்சேன்தானே?

இல்லை. அடினோவைரஸில் பல வகை, என்டெரோவைரஸில் சில வகை என்று மெட்ராஸ் ஐ கொண்டுவரும் ஆட்கள் அதிகம். போன வருடத்தது ஒரு வகை, இந்த வருடத்தது வேறாக இருக்கலாம். வீட்டில் துண்டையும் தலையணையையும் தனியாக வையுங்கள்.

டெங்கு வந்து பிழைச்சாச்சு. இனி டெங்குக்குப் பயப்பட வேண்டாம்ல?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். தயவுசெய்து இதை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்தால் அந்த வகை மறுபடி வராது, அந்தப் பாதுகாப்பு ஆயுளுக்கும் என்றே கருதப்படுகிறது. மற்ற மூன்றுக்கும் எதிராகக் கிடைப்பது கொஞ்ச காலப் பாதுகாப்பு, சில மாதங்கள் முதல் அதிகபட்சம் ஓரிரு வருடம். அது கரைந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. முதல் வகைக்காகச் செய்த ஆன்டிபாடி, புதிதாக வந்த இரண்டாம் வகையின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யாது. ஆன்டிபாடி ஒட்டிய எதையும் விழுங்குவது நம் வெள்ளை அணுக்களில் சிலவற்றின் குணம். அப்படி அவை விழுங்கும்போது உயிரோடு இருக்கும் வைரஸும் சேர்ந்து உள்ளே போய் அங்கேயே பெருகுகிறது. காக்க வேண்டிய ஆன்டிபாடியே வைரஸைக் கைபிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போகிறது.

கியூபாவில் 1977-ல் முதல் வகை டெங்கு நாடு முழுக்கப் பரவியது. 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். 1997-ல் சான்டியாகோ டி கியூபா நகரில் இரண்டாம் வகை மறுபடி வந்தபோதும், கடுமையாகப் படுத்தவர்கள் பெரும்பாலும் இருபது வருடம் முன்பு முதல் வகை வந்தவர்கள்தான். சென்னையில் நாலு வகையும் புழக்கத்தில் இருந்திருக்கின்றன. இரண்டாம் முறை வந்த எல்லோருக்கும் ஆபத்து என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். கடுமையாவதற்கான வாய்ப்பு முதல் முறையைவிட இரண்டாம் முறை அதிகம், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் ஓர் அம்மா ஒன்பது வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. "ரெண்டு வருஷம் முன்னாடியே டெங்கு வந்துடுச்சுக்கா, அதான் இது சாதா காய்ச்சல்னு விட்டுட்டேன்" என்றார். பெண்ணின் கை ஜில்லென்று இருந்தது, நரம்பே பிடிபடவில்லை. தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை 31,000-க்கு இறங்கியிருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிள்ளை தேறி வந்துவிட்டாள். அந்த அம்மா இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது. அவருக்கு அக்கறையில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. முன்பே வந்துவிட்டது என்ற நம்பிக்கைதான் அவரைக் காத்திருக்க வைத்தது. காய்ச்சல் குறைகிற அந்த இரண்டு நாள்தான் கவனிக்க வேண்டிய நேரம். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து சோர்ந்து தூங்குவது, கைகால் சில்லிடுவது இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு டெங்குவே வந்ததில்லையே, ரிப்போர்ட்ல ஐஜிஜி பாசிட்டிவ்னு போட்டிருக்கு. தப்பா எடுத்துட்டீங்களா?

பெரும்பாலும் தப்பில்லை. 2011-ல் சென்னையில் 50 இடங்களில் 5 முதல் 40 வயது வரையுள்ள சுமார் ஆயிரம் பேரின் ரத்தத்தை ஓர் ஆய்வில் சோதித்தார்கள். 93 சதவீதம் பேருக்கு முன்பே டெங்கு வந்த அடையாளம் இருந்தது. தனக்கு டெங்கு வந்தது என்று சொன்னவர்களோ 1 சதவீதம்தான். டெங்கு பலருக்கு லேசான காய்ச்சலாக வந்து போய்விடும், சிலருக்கு அதுவும் தெரியாது.

ஆகவே சென்னையில் வளர்ந்த ஒருவருக்கு 'முதல் டெங்கு' என்று டாக்டர் சொன்னாலும், உண்மையில் அது இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம். முந்தைய பதிலில் உள்ள எச்சரிக்கை எல்லோருக்கும் பொருந்தும்.

ஐஜிஎம், ஐஜிஜி, என்எஸ்1… எது இருந்தா இப்ப நோய், எது இருந்தா பழசு?

டெங்கு கார்டில் ஒரு சொட்டு சீரமும் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) அதற்கான திரவமும் விட்டுப் பதினைந்து, இருபது நிமிடம் வைப்போம். முதலில் சி என்ற இடத்தில் ஊதா கலந்த சிவப்பில் ஒரு கோடு எழும். அது கார்டு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் மட்டும்தான். அந்த ஒரு கோட்டைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. எம், ஜி என்ற இடங்களில் கோடு வந்தால்தான் பேச்சு.

என்எஸ்1 என்பது வைரஸின் சொந்தப் புரதம், காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் கிடைக்கும். ஐஜிஎம் என்பது உடம்பு முதலில் செய்யும் ஆன்டிபாடி. நாலைந்து நாளில் தலைகாட்டி இரண்டு மூன்று மாதம் வரை நிற்கும். ஐஜிஜி பின்னால் வந்து வருடக்கணக்கில் இருக்கும். இது முதல் முறைக்கான கணக்கு. இரண்டாம் முறை டெங்கு வரும்போது நினைவு செல்கள் முந்திக்கொள்வதால், ஐஜிஜி ஆரம்ப நாட்களிலேயே மளமளவென்று ஏறிவிடும். ஐஜிஎம் மங்கலாக வரும், சிலருக்கு வரவே வராது. என்எஸ்1-ம் சீக்கிரம் மறையலாம். அதனால் நாலாம் நாள் காய்ச்சலில் 'ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ்' என்று வந்தால், பழசு என்று நீங்களே முடிவு கட்டி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

சிக்குன்குனியா வந்து ஆறு மாசம் ஆச்சு, மூட்டு இன்னும் வலிக்குது. மறுபடி வந்துடுச்சா?

மறுபடி வந்ததாக இருக்காது. சிக்குன்குனியா டெங்கு மாதிரி நாலு வகை இல்லை. ஒருமுறை வந்தால் பாதுகாப்பு நெடுங்காலம், அநேகமாக ஆயுளுக்கும். 2006-ல் ஊர் ஊராகப் படுத்துக் கிடந்தோமே, அப்போது வந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும். மூட்டு வலி, வைரஸ் போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கிற அழற்சி. ஐஜிஎம் சில மாதம் பாசிட்டிவாகவே இருப்பதால் மறுபடி மறுபடி பரிசோதனை எடுத்துப் பயன் இல்லை. அந்தப் பணத்தில் மூட்டு நோய் டாக்டரைப் பாருங்கள்.

கொரோனா ரெண்டு தடவை வந்துச்சு, ஊசியும் போட்டேன். இன்னும் எத்தனை மாசத்துக்குப் பாதுகாப்பு?

எதிலிருந்து பாதுகாப்பு என்று பிரித்துக் கேளுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். தொற்றே வராமல் இருப்பது ஒன்று, வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போகாமல் இருப்பது வேறு. 19 நாடுகளின் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-ல் ஒரு தொகுப்பு வெளியானது. முன்பே கொரோனா வந்தவர்களுக்கு, ஒமிக்ரான் மறுபடி தொற்றுவதிலிருந்து பத்து மாதம் கழித்து இருந்த பாதுகாப்பு 36 சதவீதம்தான். கடும் நோயிலிருந்து இருந்த பாதுகாப்போ 88 சதவீதத்துக்கும் மேல்.

முதல் கேள்வியில் சொன்ன கணக்குதான் இது. மூக்கிலும் தொண்டையிலும் தடுத்து நிறுத்த ஆன்டிபாடி தயாராக இருக்க வேண்டும், அது குறைகிறது, வைரஸும் மாறுகிறது. நுரையீரலுக்கு இறங்குவதற்குள் நினைவு செல்களும் டி செல்களும் வந்துவிடுகின்றன. 2003-ல் கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த சார்ஸ் வைரஸ் வந்தவர்களின் டி செல்கள் 17 வருடம் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் கண்டதைச் சிங்கப்பூரில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை தொண்டை கரகரப்பது எதிர்ப்பு சக்தி தோற்றதாக ஆகாது. முதியவர்களும் சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களும் மட்டும் இந்த ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வருஷம் ஆன்டிபாடி 250, இந்த வருஷம் 60. சக்தி போயிடுச்சா?

குறைவது இயல்பு. நோய் தீர்ந்த பிறகும் அதே அளவு ஆன்டிபாடியை உடம்பு செய்துகொண்டிருந்தால்தான் வினோதம். முதல் சில மாதம் வேகமாகக் குறையும், பிறகு எலும்பு மஜ்ஜை செல்களின் உற்பத்தி அளவுக்கு வந்து நிதானமாகும். ஒரு கூடத்தின் எண்ணை இன்னொரு கூடத்தின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது, கருவியும் அளவையும் வேறு.

எண்ணுக்கு உண்மையிலேயே மதிப்புள்ள இடங்கள் உண்டு. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டவர்களுக்கு 10 யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு என்று தெளிவான வரம்பு இருக்கிறது. கொரோனாவுக்கு அப்படி ஒத்துக்கொள்ளப்பட்ட வரம்பு இல்லை.

மஞ்சள் காமாலை ஒருதடவை வந்தா போதும்னு சொல்றது சரியா?

காமாலை ஒரு அடையாளம். அதைக் கொண்டுவரும் வைரஸ்கள் பல. தண்ணீரால் வரும் ஏ வகை ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் வராது. அது வந்தவருக்கு ஈ வகையோ பி வகையோ வரலாம். பி வகையில் இன்னொரு சிக்கல்: பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அதை வென்று ஆயுள் பாதுகாப்பு பெறுகிறார்கள். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது வெளியேறாமல் கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போடச் சொல்வது இதற்காகத்தான்.

டைபாய்டும் அப்படித்தானே, ஒருதடவை வந்தா வராதே?

டைபாய்டு வைரஸ் அல்ல, பாக்டீரியா. மறுபடி வரும்.

குழந்தைக்கு வயித்தால போறது ரெண்டு தடவை வந்துடுச்சு. இனி ரோட்டா வராதுல்ல?

ரோட்டா என்பது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ஒரு வைரஸ். கடுமை குறையும், முற்றிலும் நிற்கும் என்று சொல்ல முடியாது. மெக்சிகோவில் பார்த்தபோது இரண்டு முறை தொற்றிய குழந்தைகளுக்கு அதன்பின் கடுமையாக வரவில்லை. வேலூரில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். இங்கே மூன்று தொற்றுக்குப் பிறகும் நடுத்தர அல்லது கடுமையான நோயிலிருந்து பாதுகாப்பு 79 சதவீதம்தான். நம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே, திரும்பத் திரும்பத் தொற்றுகிறது. ஒரே வைரஸானாலும் ஊருக்கு ஊர் பதில் மாறும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

எனக்கு எல்லாம் வந்திருக்கு. அந்த சக்தி என் பாப்பாவுக்கும் வந்திருக்கும்ல?

வந்திருக்கும், கொஞ்ச காலத்துக்கு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உங்கள் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகப் பாப்பாவுக்குப் போகும். அது இரவல், பாப்பா தானாகச் செய்தது அல்ல. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தீர்ந்துவிடும். தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஒன்பது மாதம் முடிந்து போடுவது, இந்த இரவல் இருக்கும்போது போட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது என்பதால்தான்.

டெங்குவில் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. உங்கள் டெங்கு ஆன்டிபாடி பாப்பாவிடம் பாதி கரைந்த நிலையில், ஆறு முதல் ஒன்பது மாதத்தில், முதல் டெங்குவே இரண்டாம் டெங்கு மாதிரி கடுமையாகலாம். காரணம் மேலே சொன்ன அதே ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிதான். கைக்குழந்தைக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்டுங்கள்.

இயற்கையா தட்டம்மை வந்தா ஆயுளுக்கும் பாதுகாப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப ஊசி எதுக்கு?

நியாயமான கேள்வி. தட்டம்மை அந்தப் பாதுகாப்பைச் சும்மா கொடுப்பதில்லை. அது தாக்கும் செல்களில் நினைவு செல்களும் சேர்த்தி. ஊசி போடாத 77 குழந்தைகளைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. மற்ற நோய்களுக்கெல்லாம் அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மைக்குப் பின் அழிந்திருந்தது. ஒரு நோயின் பாதுகாப்பை வாங்க, மற்ற நோய்களின் பாதுகாப்பைத் தொலைக்கிறோம். நிமோனியாவும் மூளைக் காய்ச்சலும் தனி. ஊசி அந்த நினைவை அழிப்பதில்லை, இரண்டு தவணை போட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு நெடுங்காலம் நிற்கிறது.

மூணாம் மாசம். ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ்னு வந்திருக்கு, வீட்ல எல்லாரும் அழறாங்க…

அழ வேண்டாம். ரூபெல்லா என்பது தடிப்போடு வரும் ஒரு வைரஸ் காய்ச்சல், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் புதிதாகத் தொற்றினால் வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால்தான் இந்தப் பயம். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் முன்பே வந்திருக்கிறது அல்லது ஊசி போட்டிருக்கிறது. குழந்தைக்கு அது நல்ல செய்தி. யோசிக்க வேண்டியது ஐஜிஎம் பாசிட்டிவாக வந்தால்தான். அப்போதும் அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. வேறு காரணங்களால் பொய்யாகவும் ஐஜிஎம் காட்டும். அவிடிட்டி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது: ஐஜிஜி வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பது. பழைய ஐஜிஜி இறுக்கிப் பிடிக்கும், சமீபத்தியது தளர்வாகப் பிடிக்கும். இறுக்கமாக இருந்தால் தொற்று சில மாதங்களுக்கு முன்பே முடிந்தது என்று அர்த்தம்.

நிலவேம்பு, கஷாயம் குடிச்சா இந்த சக்தி கூடுமா?

குடிப்பதைத் தடுக்க மாட்டேன். ஆனால் இந்தப் பக்கம் முழுக்கப் பேசுவது ஒரு குறிப்பிட்ட வைரஸைப் பற்றிய நினைவு. அது தொற்றாலும் தடுப்பூசியாலும் மட்டுமே உண்டாகும். எந்தக் கஷாயமும் அதைச் செய்யாது.

அப்பாவுக்கு கீமோ போயிட்டிருக்கு. சின்ன வயசுல வந்ததெல்லாம் இன்னும் காப்பாத்துமா?

ஓரளவு காக்கும், முன்பு மாதிரி நம்பக் கூடாது. அடங்கிக் கிடந்தவை கிளம்பும் காலம் இது. அக்கி வரலாம். முன்பு வென்றதாக நினைத்த காமாலை பி வைரஸும் சில மருந்துகளின்போது திரும்பும், அதனால்தான் கீமோவுக்கு முன் அதற்கான பரிசோதனை கேட்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்குப் பழைய தடுப்பூசிகளின் நினைவே பெரும்பாலும் போய்விடுவதால், மறுபடி முதலிலிருந்து ஊசி போடுவார்கள். வீட்டில் இருக்கிற மற்றவர்கள் தங்கள் ஊசிகளைச் சரியாகப் போட்டிருப்பது அப்பாவுக்கும் பாதுகாப்பு.

அப்ப எனக்கு எதெது வந்திருக்குன்னு எல்லாத்துக்கும் ஒரே நாள்ல டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?

வேண்டாம். நான் பரிசோதனைக் கூடத்தில் இருந்துகொண்டே சொல்கிறேன். காரணமில்லாமல் எடுத்த ரிப்போர்ட் பெரும்பாலும் தூக்கத்தைத்தான் கெடுக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள், கீமோ அல்லது உறுப்பு மாற்றுக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு டாக்டர் கேட்கும் பரிசோதனைகள் போதும்.

அதற்குப் பதில் வீட்டில் ஒரு ஃபைல் போடுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பழைய டெங்கு, காமாலை ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். ரிப்போர்ட்டின் எழுத்து ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும், போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை காய்ச்சலோடு வரும்போது அந்தப் பழைய டெங்கு ரிப்போர்ட்டை டாக்டர் மேஜையில் முதலில் வையுங்கள்.